சாண்டோரினி ஒயின்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பயணக் கப்பல் ஒன்றின் உணவகத்தில் ஒயின் பரிமாறும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தேன். கோடைக்காலம் முழுக்க எங்கள் கப்பல் கிரேக்கத் தீவுகளைச் சுற்றும். சாண்டோரினியில் நங்கூரம் போடும் நாளில் எனக்கு மதியம் வரை ஓய்வு கிடைக்கும். கேபிள் காரில் மேலே ஏறி, பேருந்து பிடித்து, திராட்சைத் தோட்டங்கள் பக்கம் போய்விடுவேன். அப்போது கப்பல் நண்பர்கள் கேட்டதும், ஊருக்கு வந்த பிறகு சொந்தக்காரர்கள் கேட்டதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

1. சாண்டோரினின்னா வெள்ளை வீடு, நீலக் கூரை, சூரிய அஸ்தமனம், அவ்வளவுதானே? அங்கே ஒயின் எங்கேருந்து வந்துச்சு?

ஒயின்தான் முதலில் வந்தது, சுற்றுலா நேற்று வந்தது. சாண்டோரினி ஏஜியன் கடலில் சிக்லடீஸ் தீவுக் கூட்டத்தில் இருக்கிறது. கிரேக்கர்கள் அதைத் தீரா என்றும் சொல்வார்கள். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த எரிமலை வெடித்து, தீவின் நடுப்பகுதி கடலுக்குள் இறங்கிவிட்டது. மிச்சம் இருப்பது பிறை வடிவ நிலம். படத்தில் பார்க்கும் வெள்ளை வீடுகள் பிறையின் உட்புறச் செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்பவை. திராட்சை விளைவது மறுபக்கம், கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரியும் நிலத்தில். கப்பலில் வந்து விளிம்போடு திரும்பிவிடுகிறவர்கள் ஒரு கொடியைக்கூடப் பார்ப்பதில்லை.

அந்த வெடிப்பில் புதைந்த ஊர் அக்ரோத்திரி. 1967-இல் அங்கே அகழாய்வு தொடங்கியது. எரிமலை வெடிப்பதற்கு முன்பே அங்கிருந்தவர்களுக்குத் திராட்சையும் ஒயினும் தெரியும் என்பதற்குச் சான்றுகள் கிடைத்திருக்கின்றன.

2. வெள்ளையா, சிவப்பா?

பெரும்பாலும் வெள்ளை. தோட்டங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு அசீர்த்திகோ என்ற ஒரே வகைத் திராட்சை. 'சீ' என்ற இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். அத்தீரி, அய்தானி என்று இன்னும் இரண்டு வெள்ளை வகைகள் துணைக்கு உண்டு. அத்தீரி கொஞ்சம் மென்மை தரும், அய்தானி பூமணம் தரும். சிவப்பைப் பற்றிப் பின்னால் 12-இல் சொல்கிறேன்.

3. அசீர்த்திகோ குடிச்சா எப்படி இருக்கும்? இனிக்குமா?

இனிக்காது. எலுமிச்சம்பழத் தோலை நகத்தால் கீறினால் எழும் மணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் நனைந்த கல்லின் வாடை, நாக்கின் ஓரங்களில் கூர்மையான புளிப்பு, விழுங்கிய பிறகு உதட்டில் தங்கும் ஒரு கரிப்பு. முதல் வாயில் "என்னப்பா இது, இவ்வளவு புளிப்பு" என்று முகம் சுளித்தவர்கள் இரண்டாம் கிளாஸில் அமைதியாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

புளிப்பாக இருப்பதால் லேசான ஒயின் என்று ஏமாறக் கூடாது. ஆல்கஹால் 13.5, 14 சதவீதம் சாதாரணம். வெயில் நாட்டுத் திராட்சையில் சர்க்கரை ஏறினால் புளிப்பு இறங்கிவிடுவதுதான் வழக்கம். அசீர்த்திகோ முற்றிப் பழுத்தாலும் புளிப்பை விடாது. ஒயின்காரர்கள் இதன்மேல் பைத்தியமாகத் திரிவதற்குக் காரணம் அதுதான்.

4. அந்தக் கரிப்பு கடல் காத்துல இருந்து வர்றதா? எரிமலைக் கல்லோட ருசின்னு வழிகாட்டி சொன்னாரே?

வழிகாட்டி அழகாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் கல்லின் ருசி வேர் வழியாக ஏறிப் பாட்டிலுக்குள் வந்துவிடாது. கொடி மண்ணிலிருந்து எடுக்கும் தாதுக்கள் மிகச் சொற்பம், அவற்றுக்கு மணமும் கிடையாது. கடல் காற்று திராட்சைத் தோலில் கொஞ்சம் உப்பைப் படியவிடலாம். முழுக் கரிப்புக்கும் அதையே காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மண் வேறு வழியில் வேலை செய்கிறது. எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த இந்த மண்ணை உள்ளூரில் 'அஸ்பா' என்கிறார்கள். இதில் மட்கு கிட்டத்தட்ட இல்லை, பொட்டாசியமும் குறைவு. பொட்டாசியம் அதிகமாக இருந்தால் அது திராட்சையின் டார்ட்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து புளிப்பை மட்டுப்படுத்தும். இங்கே அதற்கு வழியில்லாததால் புளிப்பு அப்படியே நிற்கிறது. பழவாசனை அடக்கமாகவும் புளிப்பு தூக்கலாகவும் இருக்கும் ஒயினை நம் நாக்கு 'கல், உப்பு' என்று படித்துக்கொள்கிறது என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம்.

5. நம்ம கம்பம் பக்கம் பந்தல்ல தொங்குதே, அங்கே ஏன் கொடி தரையில சுருண்டு கிடக்கு? கவனிக்காம விட்டுட்டாங்களா?

இதைக் கேட்காத ஆளே இல்லை. முதல்முறை நானும் ஏதோ காய்ந்த புதர் என்று தாண்டிப் போனவன்தான். அது 'கூலூரா'. தலையில் குடம் வைக்கச் சேலைத் துணியைச் சுருட்டிச் சும்மாடு செய்வோமே, அதே மாதிரி கொடியின் கிளைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி வளையமாக்குகிறார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் கவாத்து செய்யும்போது புதுக் கிளைகளை வளையத்தோடு பின்னுவார்கள். ஆண்டுகள் ஏற ஏற வளையம் உயர்ந்து கூடையாகிவிடும். குலைகள் கூடைக்குள் தொங்கும், இலைகள் மேலே மூடிக்கொள்ளும்.

காரணம் காற்று. கோடையில் வடக்கிலிருந்து வீசும் 'மெல்தெமி' ஒரு நாள் இரண்டு நாளில் ஓயாது. அதில் மணலும் நுரைக்கல் தூளும் பறக்கும். பந்தல் போட்டால் பந்தலே போய்விடும், இளந்தளிர்கள் ஒடிந்துவிடும். தரையோடு கிடக்கும் கூடைக்குள் காற்றும் புகாது, உச்சி வெயிலும் பழத்தைச் சுடாது, இரவின் ஈரமும் சீக்கிரம் வற்றாது.

இதற்கு விலை மனித முதுகு. இயந்திரம் உள்ளே நுழைய முடியாது. கவாத்து, பின்னல், அறுவடை எல்லாம் குனிந்தே செய்ய வேண்டும். நன்றாகப் பின்னத் தெரிந்தவர்கள் வயதானவர்கள்தான். அவர்கள் பிள்ளைகள் ஹோட்டல் வரவேற்பறையில் வேலை பார்க்கிறார்கள்.

6. ஒரு கொடிக்கு முந்நூறு வயசுன்னு சொல்றாங்களே, நம்பலாமா?

வேருக்கு என்றால் நம்பலாம். மேலே தெரியும் கூடைக்கு அவ்வளவு வயது கிடையாது. கூடை எழுபது எண்பது ஆண்டுகளில் தளர்ந்துவிடும், பழம் குறைந்துவிடும். அப்போது அதைத் தரைமட்டத்தில் வெட்டி எறிவார்கள். பழைய வேரிலிருந்து புதுத் தளிர் வரும், மறுபடி பின்னத் தொடங்குவார்கள். இப்படி நாலைந்து கூடைகளைத் தாங்கிய வேர்கள் உண்டு என்பது உள்ளூர்க் கணக்கு. குளிர்காயும் விறகாக வெட்டிய கூடைகள் ஒரு வீட்டு முற்றத்தில் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் அந்த வீட்டுத் தாத்தாவைவிட மூத்தது.

7. பத்தொன்பதாம் நூற்றாண்டுல ஐரோப்பா முழுக்கத் திராட்சை செத்துப்போச்சாமே, இங்கே மட்டும் எப்படிப் பிழைச்சுது?

செத்ததற்குக் காரணம் பிலாக்சரா என்ற பூச்சி. அமெரிக்காவிலிருந்து 1860-களில் பிரான்சுக்குள் வந்து வேரை உறிஞ்சி உயிரெடுத்தது. பிழைக்க ஒரே வழியாக, பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டினார்கள். இன்று உலகில் பெரும்பாலான ஒயின் திராட்சை அப்படி ஒட்டுச் செடிதான்.

சாண்டோரினி மண்ணில் களிமண் கிட்டத்தட்ட இல்லை. களிமண் வெடிப்புகள் வழியாகத்தான் அந்தப் பூச்சி வேருக்கு வேர் ஊர்ந்து போகும். இந்தத் தூள்மண்ணில் அதற்கு வழியில்லை. ஆகவே இங்கே கொடிகள் சொந்த வேரிலேயே நிற்கின்றன. இடையில் ஒரு கொடி பட்டுப்போனால், பக்கத்துக் கொடியின் நீளமான கிளையை வளைத்து மண்ணுக்குள் புதைத்துவிடுவார்கள். நம் ஊரில் மல்லிகைக்குப் பதியம் போடுகிற அதே வேலை.

8. மழையும் இல்லை, ஆறும் இல்லைங்கறீங்க. தண்ணி யார் ஊத்துறா?

பாரம்பரியமாக யாரும் ஊற்றுவதில்லை. ஆண்டு மழை சுமார் 350 மில்லிமீட்டர், அதுவும் குளிர்காலத்தில் மட்டும். கோடையில் கடலிலிருந்து இரவில் ஏறும் ஈரக்காற்றும் பனிமூட்டமும்தான் துணை. நுரைக்கல் ஒரு பஞ்சு. ஈரத்தை இழுத்து வைத்துப் பகலில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். கொடிகளை விலக்கி விலக்கி நடுவதும் இதற்காகத்தான், கிடைக்கிற ஈரம் நாலு பேருக்குப் பங்கு போகக் கூடாது. சமீப காலமாகச் சொட்டுநீர் போடும் தோட்டங்களும் வந்திருக்கின்றன. அது ஏன் என்பது கடைசிக் கேள்வியில் வரும்.

9. லேபிள்ல ஒண்ணுல 'சாண்டோரினி', ஒண்ணுல 'நிக்தேரி', ஒண்ணுல 'வின்சாண்டோ'ன்னு இருக்கு. எதை வாங்குறது?

மூன்றுக்கும் 1971-இல் உருவான சாண்டோரினி என்ற பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயர் உண்டு, மூன்றும் அந்தத் தீவிலேயே விளைந்த வெள்ளைத் திராட்சை. வெறும் 'சாண்டோரினி' என்றால் இனிப்பில்லாத ஒயின், பெரும்பங்கு அசீர்த்திகோ. பெரும்பாலும் எஃகுத் தொட்டியில் குளிரவைத்து நொதிக்கவிட்டது. முதல்முறை வாங்குகிறவர் இதிலிருந்து தொடங்குங்கள்.

நிக்தேரி என்ற பெயர் 'இரவு' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வருவது. பறித்த பழத்தை வெயில் ஏறுமுன் ஒரே இரவில் பிழிந்து முடிப்பார்களாம், அதனால் அந்தப் பெயர். இப்போதைய விதிப்படி நன்றாக முற்றிய பழம், 13.5 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால், மூன்று மாதமாவது மரப் பீப்பாயில் இருப்பு. கனமான, வயிறு நிறைக்கிற ஒயின். சாப்பாடு இல்லாமல் இதைத் திறக்காதீர்கள்.

வின்சாண்டோ இனிப்பு ஒயின். அசீர்த்திகோவோடு அத்தீரியும் அய்தானியும் சேர்த்து, ஏறக்குறைய இரண்டு வாரம் வெயிலில் பரப்பிக் காய வைக்கிறார்கள். கருவாடு காயப்போடுவது போல ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பிப் போடுவார்கள். சுண்டிய பழத்திலிருந்து கொஞ்சமே சாறு வரும், அது மெதுவாக நொதிக்கும். பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு ஓக் பீப்பாயில் இருக்க வேண்டும். பலர் பத்து, இருபது ஆண்டுகூட விட்டுவிடுகிறார்கள். நிறம் கருப்பட்டிப் பாகு, வாசனை உலர்ந்த அத்திப்பழமும் காப்பிக்கொட்டையும். இவ்வளவு இனிப்பும் திகட்டாமல் இருப்பதற்கு 3-இல் சொன்ன புளிப்புதான் காரணம். என்னைக் கேட்டால் இந்தத் தீவின் பெரிய ஒயின் இதுதான், மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

10. இத்தாலியிலயும் 'வின் சாந்தோ'ன்னு இருக்கே, ரெண்டும் ஒண்ணா?

வேறு வேறு. தஸ்கனிக்காரர்கள் திரெப்பியானோ, மால்வாசியா போன்ற பழங்களை மச்சில் தொங்கவிட்டு நிழலில் உலர்த்துவார்கள். சாண்டோரினியில் நேரடி வெயில். சொற்களைச் சேர்த்து ஒரே சொல்லாக 'வின்சாண்டோ' என்று போட்டால் பெரும்பாலும் கிரேக்கத் தீவு, பிரித்துப் போட்டால் இத்தாலி என்று நினைவில் வையுங்கள்.

தீவு பல நூற்றாண்டு வெனிஸ் செல்வாக்கில் இருந்தது. சாண்டோரினி என்ற பெயரே புனித ஐரீன் என்பதன் இத்தாலிய உச்சரிப்பு. ஓட்டோமான் காலத்திலும் இந்த இனிப்பு ஒயின் வணிகம் நிற்கவில்லை. பெரிய வாடிக்கையாளர் ரஷ்யா, அங்கே ஆர்த்தோடாக்ஸ் தேவாலயங்களில் நற்கருணைக்கு இதைப் பயன்படுத்தினார்கள். 1917 புரட்சியோடு அந்தச் சந்தை அறுந்துபோனது.

11. போர்டுல 'கனவா'ன்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன?

நம் காதுக்கு 'இது கனவா?' என்று கேட்பது போல இருக்கும். கானவா என்றால் நுரைக்கல் பாறையைக் குடைந்து செய்த பழைய ஒயின் குகை. உள்ளே கோடையிலும் குளிர்ச்சி மாறாது. திராட்சையை மிதித்துச் சாறெடுக்கும் தொட்டி ஒரு பக்கம், பீப்பாய்கள் ஒரு பக்கம். சில இப்போதும் ஒயின் செய்கின்றன. பல, தங்கும் அறைகளாக மாறிவிட்டன.

12. சிவப்பு ஒயின்தான் பிடிக்கும். அங்கே போய் என்ன பண்றது?

மாவ்ரோத்ரகனோ கேளுங்கள். 'கருப்பு, மொறுமொறுப்பு' என்று பெயர்ப் பொருள். ஒரு காலத்தில் அழியும் நிலைக்குப் போனது. பாரிஸ் சிகாலாஸ், ஹரிதிமோஸ் ஹாட்ஸிதாகிஸ் போன்ற ஒயின்காரர்கள் 1990-களில் அதைத் தனியாகப் பாட்டிலில் போட்டுக் காப்பாற்றினார்கள். மிளகுக் காரமும் துவர்ப்பும் கொண்டது. குறைவாகவே கிடைக்கும். மாண்டிலாரியா என்ற இன்னொரு சிவப்பும் உண்டு, நிறம் அதிகம், வாயில் உணரும் கனம் குறைவு. சிவப்பு ஒயின்களுக்கு 'சாண்டோரினி' என்ற பிறப்பிடப் பெயர் கிடையாது. லேபிளில் 'சிக்லடீஸ்' என்று இருந்தால் போலி என்று நினைத்துவிடாதீர்கள்.

13. ஆஸ்திரேலியா அசீர்த்திகோ பாதி விலையில கிடைக்குது. அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

திராட்சை ஒன்றுதான். கிளேர் பள்ளத்தாக்கில் ஜிம் பாரி நிறுவனம் சாண்டோரினியிலிருந்து கொண்டுபோன கொடிகளை வளர்த்து 2016 அறுவடையிலிருந்து ஒயின் செய்கிறது. கிரேக்க நிலப்பகுதியிலும் அசீர்த்திகோ பரவிவிட்டது. குடிக்க நன்றாகவே இருக்கின்றன, பழவாசனை அதிகம், பழக எளிது. ஆனால் 4-இல் சொன்ன மண்ணும் 5-இல் சொன்ன காற்றும் அங்கே இல்லை. கிரேக்க பாட்டிலிலேயே 'அசீர்த்திகோ' என்று பெரிதாகப் போட்டு, 'சாண்டோரினி' என்ற சொல்லே இல்லை என்றால் அது பெரும்பாலும் தீவிலிருந்து வந்ததாக இருக்காது. விலையைப் பார்த்து வாங்குங்கள், தப்பில்லை. தீவு ஒயின் என்று நினைத்து வாங்காதீர்கள்.

14. அப்போ தீவு ஒயினுக்கு மட்டும் ஏன் இந்த விலை?

5-ஐயும் 8-ஐயும் படித்தவருக்குப் பாதி பதில் தெரிந்திருக்கும். பிரான்சின் பல பகுதிகளில் ஹெக்டேருக்கு 40, 50 ஹெக்டோலிட்டர் (ஒரு ஹெக்டோலிட்டர் நூறு லிட்டர்) ஒயின் எடுக்கிறார்கள். இங்கே அதில் பாதியைத் தொட்டாலே நல்ல ஆண்டு. மீதி பதில் நிலம். சுமார் 15,000 பேர் வசிக்கும் சின்னத் தீவில் நீச்சல்குளத்தோடு நாலு அறை கட்டினால் ஒரு கோடையில் வரும் பணம், அதே நிலத்தில் திராட்சை போட்டு எத்தனை ஆண்டு காத்தாலும் வராது. விற்காமல் வைத்திருக்கும் விவசாயி பழத்துக்கு நல்ல விலை கேட்பது நியாயம்தானே. பழ விலை கடந்த பத்துப் பதினைந்து ஆண்டில் பல மடங்கு ஏறிவிட்டது.

15. வாங்கி எத்தனை வருஷம் வைக்கலாம்? ஃப்ரிட்ஜ்ல வச்சு ஜில்லுனு குடிக்கணுமா?

நல்ல அசீர்த்திகோ பத்து ஆண்டு தாங்கும், எலுமிச்சை போய்த் தேனும் மெழுகும் வரும். வெயிலும் சூடும் படாத இடம் வேண்டும், நம் ஊர் சமையலறை அலமாரி சரிப்படாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றாதீர்கள். 10, 12 டிகிரிக்கு வந்தால்தான் வாய் திறந்து பேசும். கப்பலில் பனிக்கட்டி வாளியிலேயே வைக்கச் சொல்லும் பயணிகளிடம் நான் தோற்றுப்போயிருக்கிறேன்.

16. எந்தச் சாப்பாட்டுக்குப் பொருந்தும்?

தீவுக்காரர்கள் சாப்பிடுவதைப் பாருங்கள்: சுட்ட ஆக்டோபஸ், ஃபாவா என்ற மஞ்சள் பருப்பு மசியல், அந்தத் தண்ணீரில்லா மண்ணில் விளையும் குட்டித் தக்காளியில் செய்த வடை. எலுமிச்சை பிழிந்து சாப்பிடும் எதற்கும் இது ஒத்துப்போகும். வறுத்த மீன் உட்பட. புளிக்குழம்போடு வேண்டாம், புளிப்போடு புளிப்பு சண்டை போடும்.

17. சங்க காலத்துல யவனர் கொண்டு வந்த தேறல் இதுவா இருக்குமா?

ஆசைப்படத் தோன்றும். அரிக்கமேட்டில் கிடைத்த ஒயின் சாடிகளில் பல 'கோஸ்' பாணியைச் சேர்ந்தவை. கோஸ் இன்னொரு ஏஜியன் தீவு, அதன் ஒயினில் கடல்நீரையே கலப்பார்கள். அந்தப் பாணிச் சாடிகளை இத்தாலியிலும் செய்தார்கள். ஆக, உப்புக் கரித்த ஏஜியன் பாணி ஒயின் நம் கடற்கரைக்கு வந்திருக்கலாம் என்று சொல்லலாம், சாண்டோரினி ஒயின் வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

18. ஒரே ஒரு நாள்தான் இருக்கு. எங்கே போகட்டும்?

மாலைச் சூரியனைப் பார்த்தபடி குடிக்க வேண்டுமானால் விளிம்பில் இருக்கும் பெரிய ஒயின் கூடங்கள் போதும். 1947-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் கூடமும் அப்படிப்பட்டதுதான், ஒயினும் மோசமில்லை. கொடியைப் பார்க்க வேண்டுமானால் காலையிலேயே மெகலோஹோரி, பிர்கோஸ், எபிஸ்கோபி கோனியா பக்கம் போங்கள். முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். ஆகஸ்ட் முதல் பாதியில் போனால் அறுவடையே நடந்துகொண்டிருக்கும், ஐரோப்பாவில் மிகச் சீக்கிரம் பறிக்கும் இடங்களில் இது ஒன்று. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து நாலு இடத்தில் ருசி பார்க்கும் திட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள், பேருந்து இருக்கிறது.

19. இன்னும் இருபது வருஷம் கழிச்சுப் போனா இந்தத் தோட்டமெல்லாம் இருக்குமா?

கானவாக்காரர்களிடமே கேட்டிருக்கிறேன், ஆளுக்கொரு பதில். ஹோட்டல் கட்டுமானம் தோட்டத்தைத் தின்பது 14-இல் வந்துவிட்டது. அதற்குமேல் வறட்சி. 2023, 2024 இரண்டு அறுவடையும் மிக மோசம். குளிர்கால மழை பொய்த்து, கோடை வெப்பம் ஏறிப் பல கூடைகளில் பேருக்குத்தான் பழம் இருந்தது. 2025 தொடக்கத்தில் வாரக்கணக்கில் நிலம் அதிர்ந்து ஆயிரக்கணக்கானோர் தீவை விட்டுப் போனார்கள். அதில் கொடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கவாத்து வேளையில் ஆள் இல்லாமல் போனதுதான் சங்கடம்.

சிலர் கூடையை விட்டுவிட்டு, கம்பி கட்டி வரிசையில் நட்டுச் சொட்டுநீர் விடுகிறார்கள். பழம் கூடுகிறது, முதுகு தப்பிக்கிறது. பழைய ஆட்கள் அது சாண்டோரினி இல்லை என்கிறார்கள். அப்படிச் சொன்ன ஒரு பெரியவரிடம் அவர் தோட்டத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன். மகன் ஏதென்ஸில் பொறியாளர். பதில் சொல்லாமல் உள்ளே போய், 2004 என்று சாக்குக்கட்டியில் எழுதிய பீப்பாயிலிருந்து வின்சாண்டோ கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்தார். கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல முடியவில்லை, கடைசிப் படகில்தான் திரும்பினேன்.